கைப்பேசிக்குள் ஒரு வாழ்க்கை
(பொழிவின் எழுத்து வடிவம்)



முன்பெல்லாம் வீட்டைத் துருவ வரும் காவலர் பேழையைத் திறப்பார், பரணைக் கிளறுவார், நாலு நூலும் பத்து மடலும் கட்டிக்கொண்டு போவார். இன்று அவர் கேட்பது ஒன்றே ஒன்று, கைப்பேசி! அதனுள் என்னதான் இல்லை? பத்தாண்டு மடல்கள், பணக்கணக்கு, மருத்துவர் குறிப்பு, சென்ற இடம், பேசிய ஆள் எல்லாம் உண்டு. நம்மை நம்பி எழுதியவர் அனைவருடைய மறைசெய்திகளும் உண்டு. ஆகவே, கைப்பேசியைத் திறப்பது வீட்டைத் திறப்பதினும் பெரிது.

1954இல் 8 நடுவரும், 1962இல் 6 நடுவரும் அமர்ந்த உச்ச நயன்மன்ற அமர்வுகள், தனிமறைவு என்பது அரசியலமைப்பு காக்கும் உரிமையன்று என்றே கருதின. 2017 ஆகத்து 24ஆம் நாள், கருநாடக உயர்நயன்மன்ற மேனாள் நடுவர் புட்டசாமி தொடுத்த வழக்கில், 9 நடுவரும் ஒருமித்து அக்கருத்தை நீக்கினர். உயிரையும் தன்னுரிமையையும் காக்கும் 21ஆம் பிரிவிலேயே அவ்வுரிமை அடங்கும் என்றனர். அரசு அதில் கைவைப்பதாயின் சட்டம் வேண்டும். நேரிய நோக்கம் வேண்டும். நோக்கத்திற்கு மிகாத அளவும் வேண்டும்.

சொல் நன்று; செயல் எங்கே? 2023 அக்குதோபர்த் திங்களில் தில்லியில் இதழாளர் பலருடைய கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் பறிக்கப்பட்டன. அடுத்த திங்களே, இதற்கு நெறிமுறை வேண்டுமென உச்ச நயன்மன்றம் ஒன்றிய அரசுக்கு எடுத்துரைத்தது. தீர்ப்பு வந்து ஆறாண்டுக்குப் பின்னும் நெறிமுறையைக் கேட்டுப் பெறவேண்டிய நிலை!

சிறைப்பிடிக்கப்பட்டவரின் கைப்பேசியைக்கூடப் பொதுவாக நடுவர் ஆணையின்றி ஆராயலாகாது என்று அமெரிக்க உச்ச நயன்மன்றம் 2014இல் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. இங்கோ, காவல் அலுவலரே கரணியத்தை எழுதி வைத்துவிட்டு, நடுவர் ஆணையின்றித் தேடவும் சட்டம் இடந்தருகிறது. தேடுபவரே தமக்கு இசைவு தந்துகொள்வதா?

“குற்றவாளிகளுக்கா பரிந்து பேசுகிறீர்?” என்பார் உளர். இல்லை. குற்றத்தைத் துருவட்டும், வாழ்க்கையைத் துருவ வேண்டா! எவ்வழக்கிற்கு எச்செய்தி வேண்டுமென்பதை நடுவர் எழுத்தில் வரையறுக்கட்டும். எடுத்ததன் படி உரியவரிடம் இருக்கட்டும். இல்லையேல், இல்லாததை உள்ளே நுழைத்தாலும் அறிவார் யார்? குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தமக்கெதிராகச் சான்றுரைக்கக் கட்டாயப்படுத்தலாகாது என்பது 20ஆம் பிரிவு. அங்ஙனமிருக்க, கடவுச்சொல்லை மிரட்டிப் பெறுவது எவ்வகை நயன்?

பெருமக்களே! மடல் எழுதவே அஞ்சுபவன் மாற்றுக் கருத்தை எங்ஙனம் எழுதுவான்? எண்ணத்திற்குப் பூட்டு வேண்டும். அதன் திறவுகோல் எண்ணுபவனிடமே இருத்தல் வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவோம்!

வெல்க தமிழ்!