கேமரன்மலையின் கணக்கில் நாம் எங்கே?

(கேமரன்மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுடன் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் இயக்க வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழையையும் பாராமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். விடிந்தால் மீண்டும் பெரட்டுக்குப் போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆகவே உங்கள் நேரத்தை வீணாக்காமல் விஷயத்திற்கு வருகிறேன்.

இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசாங்கம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தொகையை எண்ணுகிறது. அந்தக் கணக்கில் இந்த மலையில் யார் யார் இருக்கிறார்கள், நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், யார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

2010ஆம் ஆண்டு கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். கேமரன்மலை மாவட்டத்தில் மொத்தம் 38,471 பேர். அதில் சீனர்கள் 13,099. மலாய்க்காரர்கள் 7,321. இந்தியர்கள் 6,988. இதர பூமிபுத்ராக்கள் 5,668. குடியுரிமை இல்லாதவர்கள் 5,193. மற்றவர்கள் 202.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எந்த இனமும் இங்கே பாதியைத் தாண்டவில்லை. நாடு முழுவதும் குடிமக்களில் இந்தியர்கள் அப்போது 7.3 விழுக்காடு. இந்த மலையில் குடிமக்களை மட்டும் எடுத்தால் ஐந்தில் ஒருவர் இந்தியர். மலாய்க்காரர்களுக்கும் நமக்கும் 333 பேர்தான் வித்தியாசம். நாட்டில் சிறுபான்மையாக இருக்கும் நாம், இந்த மலையில் சிறிய கூட்டம் அல்ல. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாம் எப்படி இங்கே இத்தனை பேர் ஆனோம்? 1885இல் வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலையை அளந்தார், அதனால் அவர் பெயர் வந்தது. 1929இல் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டி, சரிவில் கன்று நட்டு, கூடை சுமந்து கொழுந்து கிள்ளியது நம் பாட்டன் பாட்டிமார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதன் பிறகு தோட்டத்தில் பெருகியவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்த பிள்ளைகள்தான். தொண்ணூறு ஆண்டுகளாக நாம் இந்த மண்ணில் இருக்கிறோம்.

ஆனால் நமக்கும் முன்னே, வெள்ளைக்காரனுக்கும் முன்னே, இந்தக் காட்டில் இருந்தவர்கள் யார்? ஓராங் அஸ்லி மக்கள். செமாய், தெமியார் என்று அவர்களுக்குப் பெயர் உண்டு, மொழி உண்டு. ஆனால் கணக்கில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் "இதர". மலைக்கு முதலில் வந்தவன் பட்டியலில் "இதர" என்று நிற்கிறான்! அரசியல் சட்டத்தின் 153ஆவது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் சிறப்பு நிலை தருகிறது. தீபகற்பத்து ஓராங் அஸ்லிகள் அந்தப் பிரிவில் இல்லை. அவர்களுடைய நலனுக்குச் சட்டம் செய்யலாம் என்று 8ஆவது பிரிவு அனுமதி தருகிறது, அவ்வளவுதான். பூமிபுத்ரா என்ற ஒரே சொல்லுக்குள்ளேயே மேடு பள்ளம் இருக்கிறது என்பதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2019 ஜனவரி இடைத்தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். 2004 முதல் 2018 வரை நான்கு பொதுத் தேர்தல்களில் இந்தத் தொகுதியில் ம.இ.கா. வேட்பாளர்தான் வென்றார். 2018 முடிவை நீதிமன்றம் ரத்து செய்தது. இடைத்தேர்தலில் தேசிய முன்னணி, செமாய் இனத்தைச் சேர்ந்த ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. அவர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார். "நம்ம சீட்டு போச்சு" என்று நம்மவர்கள் சிலர் அப்போது புலம்பினார்கள். நான் கேட்கிறேன், அது எப்போது நம் சீட்டாக இருந்தது? அப்போது தொகுதி வாக்காளர்களில் நாம் ஏறக்குறைய 15 விழுக்காடு. ஓராங் அஸ்லிகள் 21 விழுக்காட்டுக்கு மேல். தொகுதிக்குள் லிப்பிஸ் பக்கத்து ஜெலாயும் சேர்ந்திருக்கிறது. அவர்களிலிருந்து ஒருவர் நாடாளுமன்றம் போனால் அதில் நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதே நேரத்தில் இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். 2013இல் இங்கே வெற்றி பெற்ற பெரும்பான்மை 462 வாக்கு. 2018இல் 597 வாக்கு. இரண்டு மூன்று தோட்டத்து லயங்களில் உள்ள வாக்குகள் அவை! யார் வென்றாலும் உங்கள் லயத்துக்கு வந்து கும்பிட்டுத்தான் வென்றிருக்கிறார்கள். கும்பிட்டவர்களிடம் கேட்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

இப்போது ஐந்தாவது கட்டத்துக்கு வருகிறேன். குடியுரிமை இல்லாதவர்கள் 5,193 பேர். இவர்கள் யார்? வங்காளதேசி, நேபாளி, இந்தோனேசியர் என்று சொல்வீர்கள். உண்மைதான். நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிப் போக, அந்த வேலைக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களை வையாதீர்கள். பெர்மிட் முடிந்தால் போகவேண்டும், குடும்பத்தை அழைத்து வரமுடியாது. நம் தாத்தா காலத்துக் கஷ்டம் இன்று அவர்கள் தலையில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டத்தில் அவர்கள் மட்டும் இல்லை. சிவப்பு ஐசி வைத்திருக்கும் நம் சொந்த மக்களும் அதில்தான் எண்ணப்படுகிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களை அந்தப் பட்டியல் இனம் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே 6,988 என்ற கணக்கில் அந்தப் பாட்டிகள் இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். 1960இல் தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். அப்பா பிறப்பைப் பதியவில்லை. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளியிருக்கிறார். கையில் சிவப்பு ஐசி. "கணக்கெடுக்க வந்த பையன் நான் இந்த நாட்டுக்காரி இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போறான் தம்பி. அப்ப நான் எந்த நாட்டுக்காரி?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைத் திறந்தேன். மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்தவர், பிறந்த காரணத்தாலேயே குடிமகன் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அந்த அம்மா யாரிடமும் குடியுரிமைப் பிச்சை கேட்க வேண்டியதில்லை. இங்கே பிறந்தார் என்று நிரூபித்தால் போதும். பழைய தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவில் அவர் பெயரும் பிறந்த தேதியும் இருந்தது. கூடப் பிறந்த அக்காவின் பத்திரம் கிடைத்தது. உடன் வேலை செய்த இரண்டு பெரியவர்கள் சத்தியப் பிரமாணம் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு நீல ஐசி வந்தது. 2022 பொதுத் தேர்தலில், அறுபத்திரண்டு வயதில், முதல் முறையாக ஓட்டுப் போட்டார். விரலில் இருந்த மையை எனக்குக் காட்டி அழுதார்.

ஒரு காகிதம் இல்லாமல் ஒரு மனுஷியின் அறுபது வருடம் கணக்கில் வராமல் போனது. இது இன்றும் நடக்கிறது. 1962க்குப் பிறகு இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரின் தகுதியும் பார்க்கப்படும். பிள்ளை பிறக்கும்போது பெற்றோர் திருமணம் பதிவாகவில்லை என்றால், சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கும். தாய்க்கு நீல ஐசி இல்லையென்றால், அப்பன் பரம்பரைக் குடிமகனாக இருந்தும் பிள்ளை நடுத்தெருவில். கோயிலில் தாலி கட்டினோம், ஊருக்கே சாப்பாடு போட்டோம் என்று சொன்னால் பதிவிலாகா கேட்காது.

2021 டிசம்பர் முதல் 18 வயதானால் வாக்காளராகத் தானாகவே பதிவாகிவிடும். நல்லது. ஆனால் ஐசி இல்லாத பிள்ளை எங்கே பதிவாகும்? கணக்கில் இல்லாதவனுக்குப் பள்ளியில் சிக்கல், வேலையில் சிக்கல், வீட்டு மனு கொடுக்கவும் வழியில்லை. வேலை ஓய்ந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டிய நம் மக்களுக்கு, வீட்டு மனு என்பது உயிர்ப் பிரச்சினை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நான்கு காரியம்.

ஒன்று, கல்யாணம் முடிந்ததும் பதிவு செய்யுங்கள், கோயிலோடு நிறுத்தாதீர்கள்.

இரண்டு, பிள்ளை பிறந்ததும் பத்திரம் எடுங்கள், 12 வயதில் ஐசி எடுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குறிப்பிட்ட வயதுக்குள் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்க வழி உண்டு. வயது தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

மூன்று, பட்டணத்துக்குப் போன பிள்ளைகளும் இங்கே இருப்பவர்களும், ஐசியில் உள்ள முகவரி சரியா, வாக்காளர் பட்டியலில் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பாருங்கள்.

நான்கு, அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் சொல்லுங்கள்.

இன்று வெளியே மேசை போட்டு நம் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிவப்பு ஐசி, பத்திரம் இல்லாதவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். காசு வேண்டாம். பழைய பள்ளிச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு, சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள். தகரப் பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய சீட்டு ஒருவருடைய நாட்டையே மீட்டுத் தரும்.

இந்த மலையின் பச்சையில் நம் மூன்று தலைமுறையின் வியர்வை இருக்கிறது. அந்தக் கணக்கை வேறு யாரும் நமக்காக எழுதமாட்டார்கள். நாமே எழுதுவோம்.