பிறந்த மண்ணுக்குத் திரும்பிய ஆட்டக்காரர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். நானோ இன்று கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். தமிழ்ச் சங்கத்துக்கும் கால்பந்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நான் சொல்ல விரும்புவது பந்தின் கதை மட்டுமன்று. பிறந்த ஊரை விட்டு வேற்றூர் சென்று புகழ் ஈட்டிய ஒருவர், ஆட்டக்காரருக்கு முதுமை எனத்தக்க வயதில், தம் ஊருக்கே திரும்பிய வரலாறு அது. வேலையின் பொருட்டு ஊரைப் பிரிந்து இக்குடியிருப்பில் வாழும் நமக்கு அவ்வரலாறு அயலானதன்று.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் என்றொரு நகரம் உண்டு. ஆறு சிறு நகரங்கள் ஒன்றுகூடி அமைந்தது அது. மட்பாண்டத்துக்கும் பீங்கானுக்கும் பெயர்பெற்ற இடம். அந்நகரைச் சேர்ந்த ஹான்லி என்னும் பகுதியில் 1915ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று ஸ்டான்லி மாத்யூஸ் பிறந்தார். தந்தையார் ஜாக் மாத்யூஸ் முடிதிருத்தும் தொழில் செய்தவர். குத்துச்சண்டை வீரரும் ஆவார். விடியற்காலையில் எழுந்து உடற்பயிற்சி செய்யும் பழக்கத்தை மகனுக்கு ஊட்டியவர் அவரே. அப்பழக்கம் அம்மகனை அரை நூற்றாண்டு வயது வரையில் ஆட்டக்களத்தில் நிறுத்தி வைத்தது.

1932ஆம் ஆண்டில், தமது 17ஆம் வயதில், ஊர்க் குழுவாகிய ஸ்டோக் சிட்டிக்கு அவர் ஆடத் தொடங்கினார். வலப்புற ஓரத்தில் நின்று ஆடுபவர். பந்தைக் காலோடு ஒட்டியது போல் உருட்டிக்கொண்டு எதிராளியை நெருங்குவார். உடலை இடப்பக்கம் சாய்ப்பார். எதிராளியும் அப்பக்கமே சாய்வார். அக்கணத்தில் இவர் வலப்பக்கம் பாய்ந்து, கோட்டோரமாக ஓடி, நடுவிலுள்ள தோழருக்குப் பந்தை அனுப்பிவிடுவார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது எதிராளிகளுக்குத் தெரியும். தெரிந்தும் தடுக்க இயலவில்லை என்பதே அவரது கலையின் பெருமை.

1938ஆம் ஆண்டில் அவர் குழுவை விட்டு விலக விரும்பினார். செய்தி பரவியதும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் பொதுக்கூட்டம் கூடி, அவரை அனுப்பலாகாது என்று முழங்கினர். அவரும் தங்கினார். பின்னர் உலகப் போர் வந்தது. விமானப் படையில் பணியாற்றியபோது பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரை ஒட்டி வாழ நேர்ந்தது. போர் முடிந்தபின் ஸ்டோக் குழுவின் மேலாளருடன் மனவேறுபாடு முற்றியது. 1947ஆம் ஆண்டில் 11,500 பவுனுக்கு அவர் பிளாக்பூல் குழுவுக்கு மாற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. இனி எத்தனை நாள் ஆடப் போகிறார் என்றே பலரும் கருதியிருப்பர்.

ஆனால் அவரது பெரும்புகழ் வேற்றூரில்தான் விளைந்தது. 1953ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்தில் நடைபெற்ற இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிளாக்பூல் குழு ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கி நின்றது. மாத்யூஸ் வலப்புறத்திலிருந்து பந்தை மீண்டும் மீண்டும் கொண்டுவந்து கொடுக்க, நான்குக்கு மூன்று என்று வெற்றி கிட்டியது. மூன்று கோல் அடித்தவர் மார்ட்டென்சென் என்பவர். ஆயினும் மக்கள் அதனை ‘மாத்யூஸ் ஆட்டம்’ என்றே இன்றளவும் அழைக்கின்றனர். 1956ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது முதன்முறையாக ஏற்படுத்தப்பட்டபோது, அதனைப் பெற்றவர் 41 வயதான மாத்யூஸ்.

இதற்கிடையே சொந்த ஊர்க் குழுவின் நிலை தாழ்ந்தது. 1953ஆம் ஆண்டில் ஸ்டோக் சிட்டி முதற் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. பார்க்க வருவோர் குறைந்தனர். 1961ஆம் ஆண்டு அக்டோபரில் டோனி வாடிங்டன் என்னும் மேலாளர், அன்று 46 வயதாகியிருந்த மாத்யூஸை 3,500 பவுன் கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டார். அதற்கு முந்தைய உள்ளூர் ஆட்டத்தைக் கண்டவர்கள் 8,409 பேர். மாத்யூஸ் திரும்பி வந்து ஆடிய முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்களோ 35,974 பேர். ஹட்டர்ஸ்ஃபீல்டு குழுவை மூன்று கோல் கணக்கில் ஸ்டோக் வென்றது.

அன்பர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் இதனை இம்மேடையில் சொல்ல வேண்டியதில்லை. ஊரார் மாலையிட்டனர், கண்ணீர் மல்கக் கைதட்டினர் என்று கூறி அமர்ந்துவிடலாம். அன்று கூடிய கூட்டம் கடந்த காலத்தைக் காண வந்த கூட்டம். கடந்த காலத்தைக் காண வருகிறவர்கள் இரண்டு வாரம் வருவார்கள். மூன்றாம் வாரம் வரமாட்டார்கள். வந்தவர் ஊருக்குப் பயன்படுவாரா என்பதுதான் உண்மையான கேள்வி.

அக்கேள்விக்கு விடை கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வாடிங்டன் மாத்யூஸை மட்டும் நம்பியிருக்கவில்லை. மியூடி, வயலெட், கிளாம்ப், மெக்கில்ராய் போன்ற அனுபவசாலிகளையும் வெவ்வேறு குழுக்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். இவர்களுள் கிளாம்ப் உடல்வலிவு மிக்கவர். முதியவரை எதிராளிகள் முரட்டுத்தனமாகத் தாக்காதபடி காவல் நிற்பதை அவர் தம் பொறுப்பாகவே கொண்டார். 46 வயதுக்காரரிடம் 20 வயதுக்காரரின் ஓட்டத்தை யாரும் கேட்கவில்லை. அவரிடம் எஞ்சியிருந்ததை, அதாவது பந்தை அடக்கி ஆளும் அறிவையும் காலமறிந்து கொடுக்கும் நுட்பத்தையும் கேட்டார்கள். அவரும் அதனைக் குறைவின்றிக் கொடுத்தார். மதுவையும் புகையையும் நாடாதவர். உணவில் கட்டுப்பாடு உடையவர். காலைப் பயிற்சியைக் கைவிடாதவர். ஊர் அழைத்தபோது தகுதியோடு வந்து நிற்க அவரால் முடிந்தது இதனாலேயே.

1963ஆம் ஆண்டு மே மாதம் லூட்டன் குழுவுடன் நடந்த ஆட்டம். வென்றால் முதற் பிரிவுக்கு உயரலாம் என்ற நிலை. மெக்கில்ராய் அனுப்பிய பந்தை ஏற்று, காவலரையும் ஏமாற்றி, மாத்யூஸ் தாமே கோலுக்குள் செலுத்தினார். அந்தப் பருவத்தில் அவர் அடித்த ஒரே கோல் அதுதான். அப்போது அவருக்கு வயது 48. இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று ஸ்டோக் சிட்டி பத்தாண்டுக்குப் பின் மேலேறியது. அவர் உண்மையாகவே ஊர் திரும்பிய நாள் 1961 அக்டோபரில் வந்த நாளன்று. இந்த நாளே என்பது என் கருத்து.

1965ஆம் ஆண்டு புத்தாண்டுப் பட்டியலில் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 6ஆம் நாள், 50 வயது நிறைந்து ஐந்து நாள் கழித்து, ஃபுல்ஹாம் குழுவுக்கு எதிராகத் தம் கடைசி முதற் பிரிவுப் போட்டியை ஆடினார். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் நடுவரின் எச்சரிக்கைக்கு ஆளாகாதவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, தாம் சற்று முன்னதாகவே நிறுத்திவிட்டதாகக் கூறி வந்தாராம்!

ஆயினும் இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் சொல்லுதல் கடமை. ஓய்வுக்குப் பின் அதே நகரின் மற்றொரு குழுவாகிய போர்ட் வேலின் நிருவாகப் பொறுப்பை மாத்யூஸ் ஏற்றார். 1968ஆம் ஆண்டில் விதிக்குப் புறம்பாகப் பணம் கொடுத்த குற்றத்துக்காக அக்குழு லீக் அமைப்பிலிருந்து நீக்கப்பட்டு, பின்னரே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஊர் அதுவே, மனிதரும் அவரே, அன்பும் குறையவில்லை. ஆனால் களத்தில் பந்தைக் கையாளும் திறன் வேறு, அலுவலகத்தில் கணக்கைக் கையாளும் திறன் வேறு.

நம்மில் பலர் பணி ஓய்வை எதிர்நோக்கியிருக்கிறோம். ஊரில் ஒரு மனை வாங்கியிருப்போம். வீடும் கட்டத் தொடங்கியிருப்போம். நாம் போய் இறங்கினால் ஊரார் நம் அனுபவத்துக்குத் தலைவணங்குவர் என்று ஓர் எண்ணம் உள்ளத்தின் ஓரத்தில் இருக்கும். நாம் ஊரை நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஊரும் நம்மை நினைத்துக்கொண்டிருந்ததென்று நம்புவது இயல்பே. ஆனால் ஊருக்கு அதன் வேலைகள் இருந்தன. நாம் விட்டு வந்த இடத்தை வேறொருவர் நிரப்பிவிட்டார். முதல் வாரம் உறவினர் கூடுவர். அதன்பின் நமக்கு அங்கே உள்ள இடம், நாம் செய்யும் வேலையின் அளவே ஆகும்.

எனவே ஊருக்குத் திரும்புவோர் எல்லாவற்றுக்கும் நாட்டாண்மை செய்யப் போக வேண்டா. நாற்பதாண்டு கணக்கு எழுதியவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுக்கலாம். இயந்திரம் அறிந்தவர் நாலு பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கலாம். இல்லத்தரசியர் பலர் இங்கே மூன்று மொழிகள் பேசப் பழகியிருக்கின்றனர். அதுவும் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு செல்வமே. ஊரில் இருப்போரும், வந்தவரின் பழம்பெருமையைக் கேட்டு மாலையிட்டு அனுப்பிவிடாமல், அவரிடம் எஞ்சியிருப்பது யாதென்று அறிந்து அதற்கோர் இடம் ஒதுக்க வேண்டும். ஓடுகிற இளைஞரும் ஒதுங்கி நின்று பந்து கொடுக்கிற முதியவரும் சேர்ந்தால்தான் குழு மேலேறும்.

மாத்யூஸ் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மறைந்தார். அவரது அஸ்தி ஸ்டோக் குழுவின் புதிய ஆட்டக்களத்தின் நடுவட்டத்தில் மண்ணுக்கடியில் வைக்கப்பட்டது. அம்மண்ணின் மேல் இன்றும் இளைஞர்கள் ஆடிவருகின்றனர்.

ஊர் திரும்பும் நாள் வரையில் உடலையும் தொழிலையும் பேணி வைப்போமாக. திரும்பிய பின் கேட்பதைக் குறைத்துக் கொடுப்பதைப் பெருக்குவோமாக.