கண்ணில் நிலையாத துளி

மன்னார்த் தீவின் கரையோரத்தில், தலைமன்னாரிலும் பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் கடற்றொழில் செய்வோருக்குக் கண்ணே முதற் கருவி. நீரின் நிறம் மாறுவதைக் கண்டு மீனின் இருப்பை உணர்வதும், இருளிலே கரையின் விளக்கைக் கண்டு வள்ளத்தைத் திருப்புவதும் கண்ணின் காரியங்களே. அந்தக் கண்ணை, பெரும்பாலும் நோவுமின்றிச் சிவப்புமின்றிக் கவர்ந்து செல்லும் நோய் ஒன்று உண்டு. குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயே அது.

கண்ணின் உள்ளே தெளிந்த நீர் ஒன்று இடையறாது ஊறி, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்கிறது. சாதாரணமாக இவ்வழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அளவினது. அழுத்தம் மிகுந்தால் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிகிறது. முதலில் குறைவது பக்கப் பார்வை. ஆதலால் நோயாளி நெடுங்காலம் அதனை உணர்வதில்லை. இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சியதைக் காப்பதே மருத்துவத்தின் பணி.

அதற்கு மருந்துகள் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டில் டிமொலோலும், 1996இல் லட்டனோபுரொஸ்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பின்னர் உலகெங்கும் பரவின. இடர்ப்பாடு மருந்தில் மட்டுமன்று, அது செல்லும் வழியிலும் உண்டு. தூசியும் கிருமியும் புகாதவாறு கண் தன்னைக் காத்துக்கொள்கிறது. மருந்தையும் அவ்வாறே வெளியேற்றுகிறது. இமை கொட்டியதும் துளியின் ஒரு பகுதி கன்னத்தில் வழிகிறது. மற்றொரு பகுதி கண்ணீர்க் குழாய் வழியே மூக்கை அடைகிறது. எஞ்சியது கருவிழிப் படலத்தைக் கடக்கவேண்டும். அதன் மேலடுக்கு எண்ணெய்த் தன்மையை ஏற்பது. நடுவடுக்கு நீர்த் தன்மையை ஏற்பது. இவ்விரண்டையும் கடந்து உள்ளே சேர்வது, விட்ட மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவே.

இதனை வெல்லவே நுண்காவிகளை ஆராய்கின்றனர். மருந்தை ஏற்றிச் செல்லும் மிகச் சிறிய பொதிகள் இவை. தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே இவற்றின் பருமன். 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம் கண்டறிந்த லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழ் இவற்றுள் ஒன்று. உயிரணுவின் சவ்விலுள்ள கொழுப்பை ஒத்த பொருளால் ஆனது இது. தன்னுள் அடங்கிய மருந்தை மெல்ல மெல்ல விடுவிக்கும்.

சிங்கப்பூரில் பேராசிரியர் சுப்பு வெங்கட்ராமனும் கண் மருத்துவர் டினா வோங்கும் தம் குழுவினருடன் லட்டனோபுரொஸ்டை இத்தகைய குமிழ்களில் அடைத்தனர். அதனை 6 நோயாளரின் வெண்விழிச் சவ்வின் அடியில் ஒரேயொரு முறை ஊசியால் செலுத்தியபோது, அழுத்தம் மூன்று மாதம் வரை தணிந்திருந்ததாக 2014இல் அறிவித்தனர். சிறிய சோதனையே எனினும், வழியைக் காட்டியது. துளி வடிவிலும் முயற்சிகள் உள. கண்ணின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் உடையது. ஆகவே, நேர் மின்னேற்றம் பெற்ற நுண்ணிய எண்ணெய்த் திவலைகள் அதில் ஒட்டி நிற்கின்றன. இவ்வாறு அமைந்த லட்டனோபுரொஸ்ட் துளி 2023இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எனினும் அதனையும் நாள்தோறும் இடவேண்டும்.

மன்னார் போன்ற வறண்ட கரைக்கு இவ்வாராய்ச்சி தொலைவிலுள்ள செய்தியன்று. வழக்கமான லட்டனோபுரொஸ்ட் குப்பியைத் திறக்கும்வரை குளிரில் வைத்தல் வேண்டும். இங்கோ வெயில் கொடிது. அம்மருந்தை மாலையில் இடவேண்டும். அவ்வேளையில் பலர் கடலில் இருப்பர். ஒரு நாள் தவறுவது பல நாளாகிறது. நோவு இல்லாமையால் மறதியும் எளிதாகிறது. மாதக்கணக்கில் கண்ணில் நிலைத்து, வெப்பத்தையும் தாங்கி, எளியோர் வாங்கும் விலையில் கிடைக்கும் மருந்தே இத்தகைய மக்களுக்கு வேண்டுவது. இம்மூன்றும் ஒருங்கே அமையும் நாளிலேதான் ஆராய்ச்சி முழுப்பயன் தரும்.

அதுவரை கையிலுள்ள துளியை வீணாக்காதிருத்தல் நன்று. ஒரு துளி போதும். இட்டபின் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்துக் கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்கில் இறங்குவது குறையும். இரண்டு மருந்துகள் இருப்பின் இடையே ஐந்து நிமிடம் விடவேண்டும். நாற்பது வயதைக் கடந்தோரும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் இந்நோய் உள்ளோரும் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். பார்வை மங்கியபின் செல்லலாம் என்று காத்திருப்போருக்கு, காக்க எஞ்சியிருப்பது சிறிதே.