கொட்டாங்குச்சிக் கதையும் மீதிக் கதையும்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தன்வரலாறுகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். முனைவர் பட்டத்துக்கு நான் படித்துக்கொண்டிருப்பதும் அவற்றைத்தான். புத்தகங்களுக்குப் போகும் முன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

முதுகலை படிக்கும்போது ஒரு கருத்தரங்கில் என் அம்மாவைப் பற்றிப் பேசினேன். கடலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மா நடவுக்குப் போகிறவர். நிலக்காரர் வீட்டில் எங்கள் தெருப் பெண்களுக்கு மட்டும் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவரவர் கொட்டாங்குச்சியைக் கழுவி வேலியோரம் கவிழ்த்து வைக்க வேண்டும். இதைச் சொல்லி முடித்தபோது அரங்கில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பேராசிரியர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நண்பன் எடுத்த வீடியோவை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன்டா, டம்ளர் எடுத்துக்கினு போனத நீ சொல்லவே இல்லியே?"

நடந்தது இதுதான். ஒருநாள் அம்மாவும் இன்னும் ஏழு பெண்களும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் போனார்கள். டீ வந்ததும் டம்ளரை நீட்டினார்கள். ஊற்றவில்லை. குடிக்காமலே நடவை முடித்துவிட்டு வந்தார்கள். அந்த நடவுப் பருவம் முழுக்க அந்த நிலத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. அடுத்த பருவத்தில் ஆள் கிடைக்காமல் அவரே கூப்பிட்டனுப்பினார். டம்ளரில்தான் டீ ஊற்றினார்.

இந்தப் பாதி எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். ஆனாலும் மேடையில் கொட்டாங்குச்சியோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே நிறுத்தினால்தான் கண்ணீர் வரும் என்று யாரும் சொல்லித்தராமலே எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நா ஒண்ணும் அழுதுகினு நிக்கல. நீதான் என்ன அழ வுட்டுட்ட."

கதையை யார் சொல்கிறார் என்பது மட்டும் போதாது தோழர்களே. நான் அந்தப் பெண்ணின் மகன். ஆனால் அந்த மேடையில் அம்மாவை அரங்கத்தின் கண்ணால்தான் பார்த்தேன். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, யாரைப் பார்த்துச் சொல்வது என்பதில்தான் பார்வை இருக்கிறது.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது பாபாசாகேப் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலுக்கு. 1930களில் ஆங்கிலத்தில் எழுதியது. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் அதைத் தனி நூலாக வெளியிட்டது. தீண்டாமையை வெளிநாட்டவருக்குப் புரியவைக்க, பொதுவான விளக்கத்தைவிட நடந்த சம்பவங்களைச் சொல்வதே பயன் தரும் என்று அவர் முடிவு செய்கிறார்.

முதல் சம்பவம் 1901இல் நடக்கிறது. அப்பா வேலை பார்க்கும் கோரேகாவுக்குப் போகச் சிறுவர்கள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறி, மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். உடையைப் பார்த்துப் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறார். "நாங்கள் மகர்" என்று சிறுவன் சொன்னதும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் ஒத்துக்கொள்கிறார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார் என்பது ஏற்பாடு. கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாக அந்த இரவு கழிகிறது.

அம்பேத்கர் இதைச் சொல்லும் முறையைக் கவனியுங்கள். அழுகை இல்லை, வசை இல்லை. வாடகை எவ்வளவு, யார் ஓட்டியது, தண்ணீர் எங்கே கிடைக்கவில்லை என்று சாட்சிக் கூண்டில் நிற்பவர் போல வரிசையாகச் சொல்கிறார். படிக்கிறவர் கண் அந்தச் சிறுவனின் காயத்திலேயே தங்கிவிடுவதில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் முகத்துக்கும், வண்டிக்காரரின் கணக்குக்கும் போகிறது. யார் என்ன செய்தார்கள் என்பது பதிவாகிவிடுகிறது.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தன்வரலாறு எழுதியிருந்தால் அந்த மாலைப்பொழுது அதில் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அவருக்கு அது ஒரு சம்பவமே இல்லை, வழக்கமான ஒரு நாள். ஒன்பது வயதுப் பையனுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காத ஒன்று, எதிரே நின்றவருக்கு நினைவில்கூட இல்லாமல் போகிறது. 'நான் சாதியெல்லாம் பார்ப்பதில்லை' என்று சொல்லும் நண்பர்கள் பலர் பொய் சொல்வதில்லை. அவர்கள் நினைவில் அது உண்மையிலேயே இல்லை. அதனால்தான் நம் நினைவு எழுத்தாக வேண்டியிருக்கிறது.

அந்த நூலில் இன்னொன்றும் உண்டு. முதல் நான்கு பகுதிகள் அம்பேத்கரின் சொந்த அனுபவங்கள். ஐந்தாவதில் பிரசவித்த மனைவியை மருத்துவர் தொட மறுத்ததால் பறிகொடுத்த ஓர் ஆசிரியர் பேசுகிறார். ஆறாவதில், அரசு அலுவலகத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று சொல்லித் துருப்பிடித்த ஏனம் ஒன்று ஒதுக்கப்பட்ட இளைஞர் பேசுகிறார். 'எனக்கு நடந்தது' என்று தொடங்கிய நூல், 'அவருக்கும் நடந்தது' என்று மற்றவர்களின் வாயிலேயே சொல்லவைத்து முடிகிறது. அவர்கள் சொந்த வார்த்தைகளுக்கு இடம்விட்டு அம்பேத்கர் ஒதுங்கி நிற்கிறார். அம்மா விஷயத்தில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

தமிழிலும் இந்த 'நான்' ஒரே மாதிரி இருந்ததில்லை. 1939இல் இரட்டைமலை சீனிவாசன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எழுதினார். 'பறையன்' இதழ் நடத்தியவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அரசியல் செய்த ஒருவரின் பதிவு அது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதில் கதைசொல்லிக்குப் பெயரே இல்லை, மொழி ஊர்ப்பேச்சு. 1994இல் வந்த அவருடைய 'சங்கதி'யில் ஒரு நாயகியும் இல்லை, ஒரு தெருப் பெண்கள் எல்லாரும் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். இவற்றையெல்லாம் 'வலியின் இலக்கியம்' என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடுவது வாசிப்பவரின் சோம்பேறித்தனம்.

என் ஆய்வுக்கே வருகிறேன். முதல் அத்தியாயத்தில் 'நான்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு 'ஆய்வாளர்' என்று போடச் சொன்னார்கள், நடுநிலை வேண்டுமாம். அதே அத்தியாயத்தில் 'கிராம மக்கள் ஒருபுறம், காலனி மக்கள் மறுபுறம்' என்று ஒரு நாளிதழ் பாணி வரி இருந்தது. அதை யாரும் அடிக்கவில்லை. காலனிக்காரர் கிராம மக்கள் இல்லையா? அந்த வரியை எழுதிய கண் ஊர்த்தெருவில் நிற்கிறது. அந்த இடத்துக்குப் பெயர்தான் நடுநிலை. 'இரு தரப்பினர் மோதல்' என்று செய்தி வரும்போதும் அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பது தொலைந்துபோகிறது. தன்மையில் எழுதினால் சார்பு, படர்க்கையில் எழுதினால் உண்மை என்று நமக்கு இலக்கணம் சொல்லித்தரவில்லை. அதிகாரம் சொல்லித்தந்திருக்கிறது.

அந்த 'நானை' மறுபடி எழுதிச் சேர்த்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. பட்டம் கொஞ்சம் தாமதமாகலாம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கதையை எழுதுங்கள், ஆனால் எழுதியதை முதலில் வீட்டில் படித்துக் காட்டுங்கள். அவமானத்தோடு நிறுத்தாதீர்கள், அதற்கு அடுத்த நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆதிக்க சாதியில் பிறந்த தோழர்களே, எங்கள் கதையைக் கேட்டுக் கண்கலங்கியது போதும். உங்கள் வீட்டு வேலியோரம் கவிழ்ந்திருந்தது என்ன என்று உங்கள் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் தன்வரலாறு இன்னும் எழுதப்படாமல்தான் இருக்கிறது.

இன்று இங்கே பேசப்போகும் கதையைப் போன வாரமே அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். ஏழு பெண்கள் என்று சொன்னால் போதாதாம். அதில் மூன்று பேர் இன்று உயிரோடு இல்லையாம். "அவங்களயும் சேத்து சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். ஜெய்பீம்.