குடும்ப வரைபடத்தில் தாய்வழியும் உண்டு

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியின்போது, உடல்நலம் குறித்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றி ஒரு டீச்சர் பேசுவதா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் கேளுங்கள். நான் மருத்துவர் அல்ல. பத்தாம் வகுப்புக்கு மரபியல் நடத்தும் அறிவியல் ஆசிரியை. இந்த நோய்க்கும் அந்தப் பாடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சிறிய சுரப்பி. வயதாக ஆகப் பலருக்கும் அது சாதாரணமாகவே வீங்கும். இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிப்பதற்குப் பெரும்பாலும் அந்த வீக்கமே காரணம். புற்றுநோயோ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். முற்றிய பிறகு முதுகிலும் இடுப்பிலும் எலும்பு வலியாக வெளிப்படும். அதனால்தான் அறிகுறி வருமுன் சோதிப்பது பற்றிய கேள்வி எழுகிறது.

சோதனை எளியது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் 4 நானோகிராம் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் எல்லை. அதை நம் 35 மதிப்பெண்ணைப் போல எண்ணிவிடக் கூடாது. சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, நீண்ட சைக்கிள் பயணம், முந்தைய இரண்டு நாள்களில் தாம்பத்திய உறவு ஆகியவையும் அந்த எண்ணை உயர்த்தும். வீக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டெரைடு போன்ற மாத்திரை அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆகவே என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். எண் கூடுதலாக இருந்தால் மறுபடி சோதிப்பார்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதன் பிறகு திசுப் பரிசோதனை.

அப்படியானால் ஐம்பது வயதான எல்லா ஆண்களும் சோதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் 8 நாடுகளில், 55 முதல் 69 வயதுள்ள 1 இலட்சத்து 62 ஆயிரம் ஆண்களிடம் நடந்த ஆய்வின் 23 ஆண்டு முடிவுகள் 2025இல் வெளிவந்தன. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் காப்பாற்றப்படுகிறது. நன்மை உண்டு என்பது உறுதி. ஆனால் உயிருக்கு ஆபத்தே தராத, மிக மெதுவாக வளரும் கட்டிகளும் இந்தச் சோதனையில் அகப்படும். அவற்றுக்கும் அவசரப்பட்டு அறுவை சிகிச்சை செய்தால் சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு போன்ற தொல்லைகள் மிஞ்சலாம். இங்கிலாந்தில் 1,643 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்று பிரிவினரிலும் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 3 விழுக்காட்டினர்தான். ஆகவே புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் கத்தியைத் தேடி ஓட வேண்டியதில்லை. சிலருக்கு முறையான கண்காணிப்பே போதும்.

எல்லாருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. யாருக்கு அதிகம் என்பதை முதலில் அறிவதுதான் முக்கியம். வயது ஒன்று. ஆப்பிரிக்க வம்சாவளி ஒன்று. நம்மைப் பெரிதும் பொறுத்தது குடும்ப வரலாறு. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அவர்களுக்கு இளம் வயதிலேயே வந்திருந்தால் இன்னும் கூடும். அதனால்தான் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், பொதுவாக 50 வயதிலும், தந்தைக்கோ சகோதரருக்கோ 65 வயதுக்கு முன் நோய் வந்திருந்தால் 45 வயதிலும், அப்படி ஒருவருக்கு மேல் இருந்தால் 40 வயதிலுமே மருத்துவரோடு பேசச் சொல்கிறது.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. ஆண்களின் நோய் ஆகையால் அப்பா வழியில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணு 13ஆவது குரோமோசோமில் இருக்கிறது. எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் இல்லை. அதில் கேடான மாற்றம் உள்ள தாயோ தந்தையோ அதை மகனுக்கும் மகளுக்கும் கடத்தலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதே மாற்றம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயாகவும் சினைப்பைப் புற்றுநோயாகவும் வரலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயாக, அதுவும் வேகமாகப் பரவும் வகையாக வரலாம்.

என் அண்ணனுக்கு 47 வயது. பொதுப் பரிசோதனைக்குப் போனபோது, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். அண்ணன் அப்பா வழியை மட்டும் நினைத்து, இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் அம்மாவை உட்கார வைத்து, வகுப்பில் போடுவது போலவே வரைபடம் போட்டோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பெரியம்மா 42 வயதில் மார்பகப் புற்றுநோயால் போனது எல்லாருக்கும் தெரியும். 58 வயதில் போன தாய்மாமாவுக்கு வாதம் என்றுதான் இத்தனை வருடமும் கேள்விப்பட்டிருந்தோம். அன்றுதான் அம்மா மெல்லச் சொன்னார்: அது புராஸ்டேட்டில் தொடங்கி இடுப்பெலும்புக்குப் போன நோய். சொல்லக் கூச்சப்பட்டு மறைத்திருக்கிறார்கள்.

அண்ணன் அந்தத் தாளோடு மறுபடி போனார். பி.எஸ்.ஏ. அளவு இயல்பாகவே இருந்தது. ஆனாலும் மருத்துவர் எங்கள் இருவரையும் மரபணு ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வரைபடத்தில் நானும் ஒரு வட்டம்தானே! முடிவு இன்னும் வரவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த விடுமுறையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வீட்டுப் பெரியவர்களோடு உட்காருங்கள். இரு வழியிலும் யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் என்று எழுதுங்கள். மருத்துவரிடம் வெறுமனே "அங்கிள்" என்று சொல்லாதீர்கள். அம்மாவோடு பிறந்தவரும் மாமாதான், அத்தையின் கணவரும் மாமாதான். அப்பாவின் அண்ணனும் பெரியப்பா, பெரியம்மாவின் கணவரும் பெரியப்பா. இரத்த உறவு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கென நம் நாட்டில் தேசிய அளவிலான பரிசோதனைத் திட்டம் இல்லை. யாரும் வீடு தேடி வந்து கேட்கமாட்டார்கள். நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

ஆசிரியைகளுக்கு ஒரு சொல். உங்கள் கணவரும் சகோதரரும் இதைத் தாமாகப் பேசமாட்டார்கள். தாளை நீங்களே எடுத்து வையுங்கள்.