பசுமைக்குடிலுக்குத் திரை அமைத்தல்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் சுருக்கம்)

 

பூர்வீக நிலத்தை விற்றுவிடாமல் அதிலேயே ஜீவிக்க வேண்டுமென்று நம் சமூகத்து வாலிபர் சிலர் ஓசூர்ப் பக்கத்தில் பசுமைக்குடில் அமைத்து, ரோஜாவும் சாமந்தியும் பயிரிட்டு வருவது நமக்குப் பெருமை தருவதாகும். ஆயினும், கடன் வாங்கிக் கூரைக்கு லட்சக்கணக்கில் செலவிடுவோர் திரை என்றதும் கையை இறுக்கிக்கொள்வதைக் காண்கிறோம். அதனால் விளையும் கேட்டையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

50 சதவிகித நிழல்வலை என்பது வெளிச்சத்தில் பாதியைத் தடுப்பது. கோடை நண்பகலில் அது பயிருக்கு உபகாரம். அதையே நிரந்தரமாகக் கட்டிவிட்டால், மேகம் மூடிய ஐப்பசியிலும் பயிருக்குரிய ஒளியை நாமே அபகரித்தவர்களாவோம். தண்டு மெலியும், மலர் சிறுக்கும். ஆகவே, வேண்டும்போது மூடவும் வேண்டாதபோது சுருக்கவும் கூடிய நகரும் திரையே உத்தமம்.

அதை அமைக்குங்கால் கவனிக்கத் தக்கவை மூன்று. முதலாவது, திரையைத் தாங்கும் கம்பிகள் தொய்வின்றி இழுத்துக் கட்டப்பட வேண்டும். தொய்ந்தால் சீலை சிக்கிக் கிழியும். இரண்டாவது, திரை மூடியிருக்கும்போதும் உஷ்ணக் காற்று கூரைத் திறப்பின் வழியே வெளியேற இடமிருக்க வேண்டும். மூன்றாவது, திரை ஓரத்தை எட்டியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் சுவிட்சும், மின்சாரம் நின்றால் கையால் சுற்றும் பிடியும் அவசியம்.

சாமந்திக்கோ இருட்டுத் திரையும் வேண்டும். பகற்பொழுதின் நீளமே பல செடிகள் பூக்குங் காலத்தை நிர்ணயிக்கின்றது என்று 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க சாஸ்திரிகளான கார்னர், அல்லார்டு இருவரும் வெளியிட்டனர். சாமந்தி நீண்ட இரவில் அரும்பு கட்டுவது. நெடும்பகல் மாதங்களில் கருந்திரை மூடி நாள்தோறும் சுமார் 13 மணி நேரம் இருள் தருகின்றனர். திரையில் கிழிசலோ ஓரத்தில் இடைவெளியோ இருந்தால், வெளிச்சம் பட்ட வரிசைகள் பூக்கத் தாமதிக்கும். சந்தை நாள் தவறும். கடன் தவணையோ தவறாமல் வந்து நிற்கும். வெயில் தாழுமுன் மூடினால் உள்ளே உஷ்ணம் தங்கி, அதுவும் பூப்பைத் தடுக்கும்.

கல்யாணப் பந்தலுக்குக் கணக்கின்றிச் செலவிடும் நாம், குடும்பத்தைக் காக்கும் திரைக்கு உலோபம் செய்யலாமா? வாலிபர்கள் ஒன்றுகூடி, தேர்ந்த வேலைக்காரரை அமர்த்தி, ஒருவர் குடிலை மற்றவர் உச்சிப்பொழுதில் திரை மூடி உள்ளிருந்து சோதிப்பாராக. ஒளி கசியும் இடம் அப்போதே தெரிந்துவிடும். இவ்வொற்றுமையே நம் சங்கத்தின் பயன் என்று கூறி அமர்கின்றோம்.