இரண்டு குயர் நோட்டு



"ஒரு போதகரின் புத்தக அலமாரி" என்று அசோக் நகரில் இந்தக் கூட்டத்தில் பேச எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பாப்டிஸ்ட் சபைப் போதகன். எங்களுக்குப் பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே கூடித் தீர்மானிக்கும். விவரம் தெரிந்து, தானே விரும்பி வருகிறவருக்குத் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்போம். மேலிடம் என்று ஒன்று இல்லாததால் பிரசங்கத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் வேண்டியதை நாங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் அதற்காக வேப்பேரி வரை பஸ் ஏறிப் போய்ப் புத்தகக் கடைகளில் நின்றோம். இப்போது அந்த அலைச்சல் இல்லை. போன வாரம் இறையியல் படிப்பு முடித்த தம்பி ஒருவர் வந்தார். அவர் கைபேசிக்குள் ஆயிரக்கணக்கில் பிரசங்கக் குறிப்புகள். "ஐயா, ஊழியத்துக்கு வேற என்ன வாங்கணும்?" என்று கேட்டார். அன்று அவருக்கு அவசரத்தில் பாதிதான் பதில் சொன்னேன். அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார், மீதியை இன்று சொல்கிறேன்.

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு வெளிநாட்டுப் போதகரின் பிரசங்கத்தை ராத்திரி முழுக்கத் தமிழாக்கி, ஞாயிறு காலையில் அப்படியே பேசினேன். பனியில் வழி தவறிய ஒரு குதிரைவண்டிக்காரனின் கதை அதில் வரும். ஆராதனை முடிந்ததும், நம் அசோகத் தூணுக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்கிற அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா பேசினீங்க ஐயா. என் பையன் மூணு நாளா வூட்டுக்கு வரல. அதுக்கு ஒரு ஜெபம் பண்ணுவீங்கன்னு உக்காந்திருந்தேன்" என்றார். வழி தவறிய ஒருவனைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். வீடு திரும்பாத பிள்ளையின் தாய் மூன்றாவது வரிசையில் இருந்தார். எனக்குத் தெரியாது. யாரும் சொல்லாததால் அல்ல, நான் யார் வீட்டுக்கும் போகாததால்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கினேன்.

புத்தகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புத்தகத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் ஆசான் இருக்கிறார். அவரைச் சொல்லும் முன், அவர் கைக்கு வந்த புத்தகத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜான் பனியன் என்று ஒருவர் இருந்தார். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்தவர். நாங்கள் எங்கள் முன்னோர் என்று கொண்டாடுகிறவர். அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று பெட்ஃபோர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறை வைத்தார்கள். 1678இல் அவருடைய மோட்சப் பயணக் கதை அச்சேறியது. அந்தக் கதை திருநெல்வேலிச் சீமையில் ஹெச்.ஏ. கிருஷ்ண பிள்ளை கைக்கு வந்தது. 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியர். 1858இல் நம் மயிலாப்பூரில்தான் ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் அந்தக் கதையை வரிக்கு வரி மொழிபெயர்த்திருக்கலாம். செய்யவில்லை. கம்பன் கொடுத்த விருத்தத்தில் அதைப் புதிதாகப் பாடினார். நடுநடுவே தேவாரம் என்றே பெயரிட்டுப் பக்திப் பாடல்களை வைத்தார். பனியனில் விரிவாக இல்லாத இயேசுவின் பாடுகளைத் தாமே விரித்துப் பாடினார். 1894இல் நூலாக வந்த இரட்சணிய யாத்திரிகம் அதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் அதிலிருந்து ஒரு பகுதி படித்திருப்பார்கள். இரவலாக வந்த விதையைத் தன் வயலில் விதைத்து, தன் தண்ணீர் பாய்ச்சி அறுத்தார் அவர். தம்பி, நானோ அடுத்தவர் வயல் நெல்லை மூட்டையோடு கொண்டுவந்து மேடையில் அவிழ்த்தேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்று ஒரு பாப்டிஸ்ட் மிஷனெரித் தம்பதி இருந்தார்கள். கணவர் ஜெஸ்ஸி காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தியைக் காலிலிருந்து பதமாக உருவி எடுத்தார். 1929இல் காய்ச்சலிலேயே இறந்தும் போனார். தொழுநோயில் மடங்கிப்போன கைகளை வேலூரில் அறுவை செய்து நிமிர்த்திக் கொடுத்த டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் மகன். ஈவ்லின் அம்மாவுக்கு எழுபது வயது நெருங்கியபோது, போதும், மலைக்குத் திரும்ப வேண்டாம் என்றது மிஷன். அந்த அம்மா ஓய்வு பெற்றுக்கொண்டு, தன் பொறுப்பில் மலையேறினார்கள். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார்கள். 1974இல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்கள். அந்த மலையிலேயே அடக்கம். மிஷனிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த அம்மாவிடம் ஒன்று மிச்சம் இருந்தது: எந்த ஊரில் யாருக்கு என்ன நோவு என்று அவர்களுக்குத் தெரியும்.

என் நோட்டில் நான் எழுதியதும் அதைத்தான். யார் தரைத்தளம், யார் தனியாக இருக்கிறார், யாருக்குச் சர்க்கரைக்கு ஊசி, யாருடைய மகள் துபாயில். ஒரு வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டாரும் பேசுவார்கள், அவர்களையும் எழுதினேன். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறி ஜாபர்கான்பேட்டைக்கும் எம்.ஜி.ஆர். நகருக்கும் உள்ளே வந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்கள் சபை கூடும் வாடகைக் கூடத்தின் மாடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த நோட்டைப் புரட்டி, எங்கள் வாலிபப் பிள்ளைகளுக்குக் கதவு எண் கதவு எண்ணாகச் சொன்னேன். லாரி ட்யூபைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போனார்கள். அழைத்து வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் சபையார் அல்ல. என் அலமாரியில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் அன்று ஊறிப் போயின. அவற்றில் நான் நேசித்தவை உண்டு.

அந்தப் பூக்கார அம்மாவின் பையன் வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான், பதினோராம் நாள். ஏன் போனான் என்பது அவன் வீட்டு விஷயம். மேடையில் சொல்ல மாட்டேன்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். இந்தத் தம்பியும் என்னோடு நிற்பார், எழுதப்போவது அவர்தான். உங்கள் தெருவில், உங்கள் அடுக்ககத்தில், வயதான யாராவது தனியாக இருந்தால், அவர்களுக்குச் சம்மதம் என்றால், எங்களிடம் சொல்லுங்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டாம். பெயர், கதவு எண், எத்தனையாவது மாடி, என்ன மருந்து. அது போதும்.